பன்னிரண்டு வருஷம் சாகக்கூடாத பாய்லர்

நின்ற இடத்திலேயே வியர்வை ஊற்றுகிற தேசம் ஜொகூர். அங்கே ஒரு மனிதன் வெந்நீரில்தான் குளிப்பேன் என்று அடம்பிடித்தால் அவனுக்குக் காய்ச்சல் கண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் தோட்டத்துத் துரையாக இருக்க வேண்டும். லாபிஸ் ஸ்டேஷனிலிருந்து ஏழு கட்டை, அதாவது ஏழு மைல், தள்ளியிருந்த கல்லுமலை ரப்பர் தோட்டத்தின் விட்டேக்கர் துரைக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை.

துரைமார் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்பது லண்டனில் உட்கார்ந்திருந்த கம்பெனியின் உத்தரவு. அதற்காக 1926ஆம் வருஷம் ஓர் இரும்புப் பாய்லர் ரயிலேறி வந்து, மாட்டுவண்டி மாறி, பங்களாவின் பின்கட்டில் இறங்கியது. அதுவரை பால்மரம் சீவிக்கொண்டிருந்த வீரமுத்து அன்றைக்கே அதற்கு ஆளாக நியமிக்கப்பட்டான். அடியில் விறகு வைத்து எரிப்பது, மேலே ஓடைத் தண்ணீரை ஊற்றுவது, சுட்டதும் வாளியில் பிடித்துக் கொண்டுபோய்த் துரையின் குளியல் தொட்டியை நிரப்புவது, இவ்வளவுதான் வேலை. மரம் சீவுவதைவிட எவ்வளவோ மேல் என்று அவன் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தான். அவசரப்பட்டுவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

பாய்லரோடு கூடவே இரண்டு சங்கடங்களும் வந்திறங்கின. ஒன்று, சொத்தாயுள் அட்டவணை என்ற சின்னப் புத்தகம். கம்பெனிச் சாமான் ஒவ்வொன்றும் எத்தனை வருஷம் உயிரோடிருக்கும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். வாளி மூன்று வருஷம், வண்டி மாடு எட்டு, கூரைத் தகடு இருபது, துரையின் சாய்வு நாற்காலி இருபத்தைந்து. பாய்லருக்குப் பன்னிரண்டு. பிரம்மா எழுதுகிற தலையெழுத்தைக்கூட நேர்ந்துகொண்டால் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது. ஆயுளுக்கு முன்னால் ஒரு சாமான் செத்தால் அதைப் பார்த்துக்கொண்ட ஆள்தான் கொன்றவன், அவனைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

இரண்டாவது சங்கடம், பாய்லரின் அடிக்குழாயில் கம்பெனி அடித்து அனுப்பிய ஈய முத்திரை. வேறு ஏதோ தோட்டத்தில் ஏதோ ஒரு புண்ணியவான் பித்தளைக் குழாயைக் கழற்றிப் பொந்தியான் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டானாம். குழாய் திருட்டுப் போகக்கூடாது என்பதற்காக எந்தத் தோட்டத்திலும் குழாயைத் திறக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள். பெரிய மூளைகள் இப்படித்தான் வேலை செய்யும்.

மூன்றாவது வருஷம் பாய்லர் உறுமத் தொடங்கியது. விறகு இரட்டிப்பாகத் தின்றது, தண்ணீர் சுடுவதற்குள் துரை இரண்டு சுருட்டு முடித்துவிடுவார். வீரமுத்துவுக்குப் படிப்பு கிடையாது, ஆனால் சோறு வடித்த அனுபவம் உண்டு. நேரே ஆபீசுக்குப் போனான். அங்கே கணக்கு எழுதும் கிரகோரி கிராணியார் இருந்தார். மனுஷர் கெட்டவரில்லை. ஆண்டவருக்குப் பயந்தவர், அதற்கு ஒரு பிடி அதிகமாக அட்டவணைக்குப் பயந்தவர்.

"ஐயா, ஓடைத் தண்ணி பூராவும் செம்மண்ணுங்க. அஞ்சு விரக்கடைக்கு அடியில படிஞ்சு கெடக்கு. சோத்துப்பானை அடிப்பிடிக்கிறாப்புல தகடு தீஞ்சு போவுது. மாசத்துக்கு ஒருவாட்டி அடிக்குழாயத் தொறந்து சேத்த வெளிய விட்டா, அது பாட்டுக்கு இருவது வருசம் ஓடுங்க."

"இருவது வருசம் ஓட அதுக்கு உத்தரவு கெடையாது. பன்னெண்டுதான்," என்றார் கிரகோரி.

"சரிங்க, அந்தப் பன்னெண்டாச்சும் ஓட வேணாமுங்களா?"

"முத்திரைய சிங்கப்பூர் எஞ்சினியர்தான் வந்து ஒடைக்கணும். அவரக் கூப்பிட பாரம் எழுதணும். பாரத்துல மொதக் கேள்வி, சாமான் பழுதாகிவிட்டதா? ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க. ஆவக்கூடாதுன்னுதானே வந்து நிக்கிறேன்."

"அப்ப பாரம் இல்ல. ஆனப்புறம் வா."

வீரமுத்து சொன்னபடி நடப்பவன். ஆனபிறகு போனான். 1931இல் ஒரு காலை, பாய்லரின் அடித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்து, மிச்சமிருந்த தண்ணீர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடையைப் பார்த்து ஓடியது.

"இப்ப ஆயிடுச்சுங்க ஐயா," என்றான்.

கிரகோரி பாரத்தை எடுத்தார். இரண்டாம் கேள்வியைப் படித்தார். 'பழுதாகும் முன்பே ஏன் தெரிவிக்கவில்லை?' அவருக்கு வேர்த்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வீரமுத்து, நீ இத எங்கிட்ட சொல்லல, நான் கேக்கல. அதுக்கு இன்னும் ஏழு வருசம் பாக்கி இருக்கு. ஓட்டைன்னு நான் எழுதினா நீ அதக் கொன்னவன். இப்ப இருக்கிற நெலமையில கப்பலுக்கு ஆள் தேடிக்கிட்டுத் திரியிறானுங்க."

அது நிஜம்தான். ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. நேற்றுவரை ஆள் போதவில்லை என்று கப்பல் கப்பலாகக் கூட்டிவந்த அதே தோட்டங்கள், சின்னக் காரணம் அகப்பட்டாலும் ஜனங்களை மூட்டை கட்டச் சொல்லிக்கொண்டிருந்தன. வீரமுத்துவுக்கு ஊரில் காணி நிலமோ கீற்றுக் குடிசையோ கிடையாது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறை, அதில் ஆறு மாதக் கர்ப்பிணியாக அவன் மனைவி கிருஷ்ணம்மா, இவ்வளவுதான் அவனுடைய உலகம். அந்த உலகத்தோடு அவன் இங்கேயே இருக்க விரும்பினான். பயத்தில் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கிருஷ்ணம்மா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. "தொரை பாய்லர்லயா குளிக்கிறாரு? தொட்டியிலதானே குளிக்கிறாரு. தண்ணி எங்க சுட்டா அவருக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, காலியான மண்ணெண்ணெய்த் தகரம் நாலைத் தேடிப்பிடித்து, லயத்துப் பின்னால் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தாள். மறுநாளிலிருந்து அவள் காய்ச்சிக் கொடுக்க, வீரமுத்து காவடி கட்டிக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பினான்.

ஒரே ஒரு நாள் கால்மணி நேரம் தாமதமாகிவிட்டது. துரை காரணம் கேட்டார். பக்கத்தில் நின்ற கிரகோரி வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"பாய்லருக்கு உடம்பு சரியில்லை, துரை."

விட்டேக்கர் துரை தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். புத்தகத்தில் இருக்கிறபடிதான் பேசுவார். "நோய் என்றால் நீயும் நானும் முடிவு செய்யக்கூடாது. தோட்டத்தில் நோயைச் சான்றளிக்கும் அதிகாரம் டிரெசர் ஒருவருக்கே உண்டு. அவரை அழைத்து வா," என்றார்.

டிரெசர் பெர்னார்ட் தோட்டத்து ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு மருந்தும் ஒரு தீர்ப்பும் இருந்தன. மருந்து கொய்னா, தீர்ப்பு 'லேசு வேலை'. மலேரியாவா, லேசு வேலை. மரம் விழுந்து கால் ஒடிந்ததா, லேசு வேலை. போன வாரம்தான் கிருஷ்ணம்மாவின் வயிற்றைப் பார்த்து லேசு வேலை எழுதிக் கொடுத்திருந்தார். கூப்பிட்டதும் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு பாய்லரின் நெஞ்சிலும் முதுகிலும் வைத்துக் கேட்டார். மேலே தட்டினார், டணார் என்றது. கீழே தட்டினார், சத்தமே இல்லை.

"அடியில சளி கட்டியிருக்கு. ரொம்ப நாள் சளி," என்றார்.

வீரமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருஷத்தில் அவன் சொன்னதை ஒப்புக்கொண்ட முதல் அதிகாரி அவர். "அதேதானுங்க. அந்த அடிக்குழாய மட்டும் தொறந்தா..."

"அது அறுவை சிகிச்சை. எனக்கு அதிகாரம் இல்ல," என்று சொல்லிவிட்டு டிரெசர் சீட்டு எழுதினார். பெயர், பாய்லர். வயது, ஐந்து. தீர்ப்பு, லேசு வேலை. இனிமேல் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், வெதுவெதுப்பு போதும்.

லேசு வேலைச் சீட்டு வாங்கியவர்கள் விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குக் கட்டாயம் வந்து முகம் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெயர் வெட்டு என்பது தோட்டத்துச் சட்டம். பாய்லருக்கு மட்டும் சலுகை காட்டினால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று துரை நினைத்தார். அவர் நியாயஸ்தர். ஆகவே தினமும் காலையில் ஆறு பேர் மூங்கில் கட்டிப் பாய்லரைத் தோளில் சுமந்து பங்களா மேட்டிலிருந்து பெரட்டுக் களத்துக்கு இறக்கினார்கள். கிரகோரி லாந்தர் வெளிச்சத்தில் பெயர் வாசிப்பார். கிருஷ்ணம்மா என்பார், அவள் கையைத் தூக்குவாள். பாய்லர் என்பார், வீரமுத்து அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, "இருக்குதுங்க," என்பான்.

"அலமாக், எங்கப்பன் செத்தப்பக்கூட நான் இவ்ளோ தூரம் தூக்கல," என்று சுமந்தவர்களில் ஒருவன் சொன்னான். கூட்டம் சிரித்தது. துரைக்கு அர்த்தம் புரியவில்லை. பாய்லர் மேல் ஜனங்களுக்கு இருக்கிற பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

பெரட்டு முடிந்து அதை மறுபடி மேட்டில் ஏற்றுவதற்குள் மணி எட்டாகிவிடும். துரை குளிப்பதோ ஆறரைக்கு. பாய்லர் களத்தில் நிற்கும்போதே தன் தொட்டியில் வெந்நீர் ஆவி பறப்பதைத் துரை தினமும் பார்த்தார். அதில் ஒரு முரண்பாடும் அவருக்குத் தட்டுப்படவில்லை. "லேசு வேலை கொடுத்த பிறகு இதன் உற்சாகம் பெருகிவிட்டது," என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்.

விவகாரம் வேறு வழியில் வெடித்தது. தோட்டங்களை மேற்பார்க்கும் பெரிய ஏஜெண்டுத் துரை சிங்கப்பூரிலிருந்து ஓடிவந்தார். பெரட்டுப் பட்டியல் அவர் கைக்குப் போயிருந்தது. அதில் ஐந்து வயது ஆள் ஒன்று வேலை செய்வதாக இருந்தது. குழந்தையை வேலைக்கு வைத்துவிட்டார்களோ என்று அவருக்குக் கவலை. அது குழந்தை இல்லை, பாய்லர் என்று தெரிந்ததும் கவலை இரட்டிப்பாகிவிட்டது.

பங்களா வராந்தாவில் விசாரணை கூடியது. ஏஜெண்டு இங்கிலீஷில் பேச, கிரகோரி தமிழில் சொன்னார்.

"ஐந்து வயதுக் குழந்தை என்றால் நாலு வரி எழுதிக் கோப்பை மூடியிருப்பேன். குழந்தைகள் வரும், போகும். பாய்லர் அப்படியில்லை. அதற்குக் கம்பெனி ஆயுள் கொடுத்திருக்கிறது. இருபது வருஷ உத்தியோகத்தில், அட்டவணைக்கு முன்னால் செத்த ஒரு பாய்லரைக்கூட நான் கண்டதில்லை. தண்ணீர் சுடாமல் போன பாய்லர்கள் நிறையக் கண்டிருக்கிறேன். அது வேறு விஷயம்."

பாய்லரைக் கொண்டுவந்து முன்னால் கிடத்தினார்கள். ஏஜெண்டு குனிந்து ஓட்டையைப் பார்த்தார். ஓட்டையில் காய்ந்த செம்மண் அடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டையைத் தாண்டி முத்திரையைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"முத்திரை சேதமில்லை. முத்திரை முழுசாக இருந்தால் பாய்லரும் முழுசு. இல்லாவிட்டால் முத்திரை எதற்கு?" என்றவர் வீரமுத்து பக்கம் திரும்பினார். "நீ சொல். இது உயிரோடிருக்கிறதா?"

வீரமுத்து இரண்டு பக்கமும் கணக்குப் போட்டான். செத்துவிட்டது என்றால் கப்பல். உயிரோடிருக்கிறது என்றால் பொய். ஐந்து வருஷம் கூடவே இருந்த சாமானைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"பெரிய தொரை காலையில குளிச்சீங்களே, தண்ணி சூடா இருந்துச்சுங்களா?"

"மிக நன்றாக இருந்தது."

"அப்ப நான் என்னங்க சொல்றது?"

தீர்ப்பு எழுதப்பட்டது. பாய்லர் பூரண உயிருடன் இருக்கிறது. 1938 வரை இருக்கும். வீரமுத்து குற்றமற்றவன், திறமைசாலி, ஆகவே 1938 வரை பாய்லரை விட்டு அகலக்கூடாது. அன்றைக்கு லயத்தில் கருவாட்டுக் குழம்பு மணத்தது. வீரமுத்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான். பிள்ளை இங்கேதான் பிறக்கும் என்று கிருஷ்ணம்மாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

பதினோராம் நாள் கம்பெனியிலிருந்து புது உத்தரவு வந்தது. ரப்பர் இருக்கிற விலையில் முழு வேலை செய்கிறவர்களை வைத்துக்கொள்வதே கஷ்டம். லேசு வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

கிரகோரி லேசு வேலைப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதினார். பதினாலு பெயர் தேறியது. பதின்மூன்றாவது பெயர் கிருஷ்ணம்மா. பதினாலாவது, பாய்லர்.

தன் பாய்லரைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்றதும் விட்டேக்கர் துரை கொதித்தெழுந்தார். சிங்கப்பூருக்கு அடுத்தடுத்து மூன்று கடிதம் போட்டார். ஏழு வருஷ ஆயுள் பாக்கியிருக்கும் ஒன்றை, அதுவும் நோயிலிருந்து தேறிவரும் நேரத்தில், அது அறியாத தேசத்துக்கு அனுப்புவது மனிதத்தன்மை ஆகாது என்று எழுதினார். மூன்றாவது கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது கிரகோரிக்கே மனசு என்னவோ போலாகிவிட்டது. சிங்கப்பூர் இரங்கியது. பாய்லரின் பெயர் நீக்கப்பட்டது.

வீரமுத்து ஓடிப்போய்த் துரை முன்னால் நின்றான். "தொரே, எம் பொஞ்சாதி பேரையும் அது மாதிரி எடுத்துடுங்க. அவளுக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. புள்ளத்தாச்சி, அவ்வளவுதான்."

"அவளுக்கு எத்தனை வருஷம் பாக்கி இருக்கிறது?"

"இருவத்தாறு வயசுதானுங்க ஆவுது."

"வயதைக் கேட்கவில்லை. அட்டவணையில் எத்தனை என்று கேட்கிறேன்."

கிரகோரி அட்டவணையைப் புரட்டினார். வாளியிலிருந்து சாய்வு நாற்காலி வரை விரல் வைத்துத் தேடினார். தெரிந்தும் ஒரு தடவை தேடினார். "இல்ல, துரை," என்றார்.

துரை உண்மையாகவே வருத்தப்பட்டார். "பார்த்தாயா? இருந்திருந்தால் நிச்சயம் எழுதியிருப்பேன். இல்லாத எண்ணை எப்படி எழுதுவது?"

"அப்ப நானும் அவகூடப் போறேனுங்க."

"அது முடியாது. நீ 1938 வரை பாய்லரோடு இருக்க வேண்டியவன்."

"தொரே, அந்தப் பாய்லர் செத்து ரெண்டு மாசமாச்சு. நாந்தான் கொன்னேன். சத்தியமா நாந்தான். என்னக் கப்பல்ல ஏத்துங்க."

எந்தக் குற்றத்தை இல்லை என்று சொல்லத் தவியாய்த் தவித்தானோ, அதை இப்போது காலில் விழுந்து ஒப்புக்கொண்டான். துரை புன்னகை செய்தார். "மனைவி மேலுள்ள அன்பால் உன்மீதே பழி சுமத்துகிறாய். உன் பாய்லர் உயிரோடிருப்பதாக ஏஜெண்டு எழுதிவிட்டார். தைரியமாகப் போ," என்று முதுகில் தட்டி அனுப்பினார். செய்யாத கொலைக்கு அவனைத் தூக்கில் போட நின்றவர்கள், அதை அவனே செய்ததாகச் சொன்னபோது நம்பவில்லை.

ரயிலுக்குப் புறப்படும் நாள் காலை. கடைசிப் பெரட்டு. பதின்மூன்று பேரும் மூட்டை முடிச்சுகளோடு ஓர் ஓரமாக நின்றார்கள். அழுகிறவர்களும் சத்தம் போடாமல்தான் அழுதார்கள், பெயர் கூப்பிடுவது காதில் விழ வேண்டுமே. ஆறு பேர் பாய்லரை இறக்கி வைத்தார்கள். கிரகோரி பாய்லர் என்று வாசித்தார். வீரமுத்து மண்டையில் தட்டவில்லை. இடுப்பிலிருந்த பாராங் கத்தியை உருவி ஒரே வெட்டில் முத்திரையை அறுத்தான். அடிக்குழாயைத் திருகினான். இறுகிக் கிடந்தது. காலால் எட்டி உதைத்தான். குழாய் தகட்டோடு பெயர்ந்தது. ஐந்து வருஷச் செம்மண் பாளம் பாளமாகச் சரிந்து துரையின் வெள்ளைச் சப்பாத்து வரைக்கும் வந்து விழுந்தது.

துரை சேற்றைப் பார்க்கவில்லை. பாய்லருக்கு அடியே இல்லாததையும் பார்க்கவில்லை. குனிந்து அறுந்த முத்திரையை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார்.

"கொலை செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இது கம்பெனியின் முத்திரை. இவனைத் தோட்டத்தில் ஒரு நிமிஷமும் வைத்திருக்கக்கூடாது. இந்தக் கப்பலிலேயே அனுப்புங்கள்."

கிரகோரி, பாய்லர் விட்டுப்போன பதினாலாம் இடத்தில் வீரமுத்துவின் பெயரை எழுதினார். எழுதும்போது தலையைத் தூக்கவில்லை. ஆனால் கிருஷ்ணம்மா பக்கத்திலேயே இடம் போட்டுக் கொடுத்தார்.

பாய்லர் பெரட்டுக்கு வருவது நிற்கவில்லை. சேறு போய் இலேசாகிவிட்டதால் அதைத் தூக்க நாலு பேர் போதும் என்று துரை கண்டுபிடித்தார். மிச்சப்பட்ட இரண்டு பேரின் பெயர்கள் அடுத்த கப்பலுக்குப் போயின. துரை பச்சைத்தண்ணீரில் குளித்தார். லேசு வேலையில் இருக்கும் பாய்லரிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று அவர் யாரிடமும் குறை சொல்லவில்லையாம்.

லாபிஸில் ரயில் புறப்பட்டதும் கிருஷ்ணம்மா மூட்டையை இருக்கைக்கு அடியில் தள்ளினாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கொழாயத் தொட்டா வேல போயிரும், கப்பல்ல ஏத்திருவாங்கன்னு அஞ்சு வருசமா பயந்தீங்க. இப்ப அதையே செஞ்சிட்டு, வேலையும் போயி, கப்பலுக்கும் போறோம். என்னமோ கல்யாண வீட்டுக்குப் போறவராட்டம் ஒக்காந்திருக்கீங்களே."

வீரமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கே செஞ்சிருக்கணும் புள்ள," என்றான். "நாம எப்படியும் இதே ரயில்லதான் போயிருப்போம். பாய்லராச்சும் பொழச்சிருக்கும்."